லாஸ் வேகஸ் கசினோவில் 'காம்ப்' சாப்பாடு: ஜோடியாகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறோம். காரில் ஐந்து மணி நேரம் போனால் லாஸ் வேகஸ். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்வருவோம். வீட்டுக்காரர் ஸ்லாட் என்கிற சூதாட்ட மெஷினில் ஆடுவார், மனசு வந்தால் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேஜையில் உட்காருவார். நான் ஆடுவதில்லை. சாப்பிடுவேன், கணக்கு எழுதுவேன். "உங்களுக்கு மட்டும் எப்படி ஓசிச் சாப்பாடு கிடைக்கிறது?" என்று கேட்காத நண்பர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

காம்ப் என்றால் என்ன?

'காம்ப்ளிமென்டரி' என்பதன் சுருக்கம். ஆட வருகிறவர்களுக்குக் கசினோ கொடுக்கும் அறை, சாப்பாடு, நிகழ்ச்சி டிக்கெட் எல்லாமே இதில் சேரும். கொடுப்பதில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது சாப்பாடுதான். மெனுவில் 60 டாலர் போட்டிருக்கும் தட்டுக்குச் சமையலறையில் ஆகும் செலவு அதைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் நம் கணக்கில் 60 டாலர் தந்ததாகத்தான் ஏறும்.

ஆளை வெளியே விடாமல் பிடித்துவைக்கச் சோறு போடுவது அந்த ஊரின் பழைய வித்தை. இன்று 'ஸ்ட்ரிப்' என்கிற சாலையில் முதலில் வந்த கசினோ ஹோட்டல் எல் ராஞ்சோ வேகஸ், 1941-இல் திறந்தது. அங்கே 1940-களில் ஒரு டாலருக்கு வயிறு நிறைய பஃபே போட்டார்கள். பசிக்கிறது என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

நிஜமாகவே இலவசமா?

இல்லை. நாம் ஜெயித்தோமா தோற்றோமா என்பதைப் பார்த்துக் கசினோ காம்ப் கொடுப்பதில்லை. இவ்வளவு நேரம், இவ்வளவு பணம் வைத்து ஆடுகிறவர் சராசரியாக எவ்வளவு தோற்பார் என்று ஒரு கணக்குப் போடுகிறது. ஆங்கிலத்தில் 'தியோ' என்பார்கள். நான் 'எதிர்பார்த்த நட்டம்' என்று எழுதிவைக்கிறேன்.

ஒரு உதாரணம். ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்கு 1 டாலர், மணிக்கு 500 சுற்று. அப்படியென்றால் மணிக்கு 500 டாலர் மெஷினுக்குள் போய்வருகிறது. மெஷின் சராசரியாக 8 சதவீதம் பிடித்துக்கொள்கிறது என்று வைத்தால், எதிர்பார்த்த நட்டம் மணிக்கு 40 டாலர். அதில் 20, 30 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கசினோ நினைத்தால் நமக்கு 8 முதல் 12 டாலர் வரை வரும். ஒரு காபியும் சாண்ட்விச்சும்.

மேஜை ஆட்டத்தில் இன்னும் குறைவு. பிளாக்ஜாக்கில் 15 டாலர் பந்தயம், மணிக்கு 70 ஆட்டம், நாலு மணி நேரம். மொத்தம் 4,200 டாலர் புரண்டிருக்கும். 1 சதவீதம் நட்டம் என்றால் 42 டாலர். அதில் 30 சதவீதம் வந்தால் 12 டாலர் 60 சென்ட். நாலு மணி நேரம் முதுகு வலிக்க உட்கார்ந்ததற்கு ஒரு பர்கர்.

(பிளாக்ஜாக் மேஜையில் உட்காரும் முன் அதன் துணியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்து பிளாக்ஜாக் விழுந்தால் 3-க்கு-2 தருகிற மேஜையில் 10 டாலருக்கு 15 கிடைக்கும், 6-க்கு-5 மேஜையில் 12-தான். கசினோவின் பிடிமானம் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் கூடிவிடும். அந்த வித்தியாசத்துக்கு எந்தச் சாப்பாடும் ஈடாகாது.)

ஒரு டின்னருக்கு எத்தனை பாயின்ட் சேர்க்க வேண்டும்?

பாயின்ட் சேர்த்துச் சாப்பிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இதை மட்டுமாவது படித்துவிடுங்கள். கசினோ தரும் உறுப்பினர் கார்டைப் போட்டு ஆடினால் அதில் பாயின்ட் ஏறும். சீசர்ஸ் என்கிற கசினோக் குழுமத்தின் கார்டில் சாதாரண ஸ்லாட்டில் 5 டாலர் ஆடினால் 1 பாயின்ட், வீடியோ போக்கர் என்கிற சீட்டாட்ட மெஷினில் 10 டாலருக்கு 1. உணவகத்தில் கொடுக்கும்போது 100 பாயின்ட்டுக்கு 1 டாலர். இப்போது 60 டாலர் சாப்பாட்டுக்குக் கணக்குப் போடுவோம். 6,000 பாயின்ட் வேண்டும், அதற்கு 30,000 டாலர் ஆட வேண்டும். மேலே சொன்ன 8 சதவீதப்படி எதிர்பார்த்த நட்டம் 2,400 டாலர்.

எங்களுக்கு இது புரிந்த கதை. ஆரம்ப காலத்தில் ஒரு கசினோவில் (பெயர் வேண்டாம்) தகவல் மெஷினில் கார்டைப் போட்டதும், இன்னும் 40 பாயின்ட் சேர்த்தால் இருவருக்கு நூடுல்ஸ் கடையில் சாப்பாடு என்று காட்டியது. மணி பத்து ஆகப்போகிறது. கடை மூடுவது பதினொன்றுக்கு. "பத்தே நிமிஷம், நீ இங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு இவர் உட்கார்ந்தார். நான் பர்ஸைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறேன். ஒரு இருபது போச்சு, இன்னொரு இருபது போச்சு. "என்னங்க, கடை மூடிடுவான், வாங்க காசு கொடுத்தே சாப்பிடலாம்" என்றேன். காதில் விழவில்லை. 10.50-க்குப் பாயின்ட் நிறைந்தது. ஓடிப்போய் உட்கார்ந்தோம். பில் 46 டாலர், எல்லாம் இலவசம். அந்த நாற்பது பாயின்ட்டுக்குப் போனது 140 டாலர். டைரியில் அப்படியே எழுதினேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் நூடுல்ஸுக்குப் பெயர் 'நூற்று நாற்பது'.

அப்படியென்றால் நல்ல சாப்பாடு எங்கிருந்துதான் வருகிறது?

மூன்று வழிகள். ஒன்று, வீட்டுக்கு வரும் சலுகை: தபாலிலோ மின்னஞ்சலிலோ, இரண்டு இரவு அறை இலவசம், கூடவே 50 அல்லது 100 டாலர் உணவுக் கிரெடிட் என்று. இரண்டு, ஹோஸ்ட். தொடர்ந்து ஆடுகிறவர்களைக் கவனித்துக்கொள்வதற்கென்றே கசினோ வைத்திருக்கும் ஊழியர். மூன்று, மேஜை ஆட்டத்தை மேற்பார்க்கிற பிட் பாஸ். எங்களுக்குக் கிடைத்ததில் முக்கால்வாசி முதல் வழியில்தான் வந்தது.

வீட்டுக்கு வரும் சலுகையைத் தீர்மானிப்பது பாயின்ட் இல்லை, ஒரு நாள் சராசரி. பல கசினோக்கள் நம் எதிர்பார்த்த நட்டத்தைக் கூட்டி, கார்டு போட்டு ஆடிய நாள்களால் வகுக்கின்றன. சனிக்கிழமை 200 டாலர் கணக்கு ஏறியிருக்கிறது, ஞாயிறு காலை கிளம்பும்போது சும்மா 10 டாலர் கார்டோடு ஆடினீர்கள் என்றால் சராசரி பாதியாகிவிடும். அடுத்த தடவை அறையும் வராது, கிரெடிட்டும் வராது. ஆடுவதாக இருந்தால் ஒரே நாளில், கார்டோடு ஆடுங்கள். மற்ற நாளில் கார்டு பர்ஸிலேயே இருக்கட்டும். இது எங்களுக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

இருவருக்கும் ஒரு கார்டா, தனித்தனிக் கார்டா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் நீங்கள் எவ்வளவு ஆடுவீர்கள் என்பதைப் பொறுத்தது.

இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆடுவீர்கள் என்றால் ஒரே கணக்கில் சேர்ப்பது நல்லது. இரண்டு பேரிடமும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஆட்டத்தைக் கசினோ கண்டுகொள்ளாது. சேர்ந்து ஒரு பெயரில் தெரிந்தால் சலுகை வரும் அளவுக்குப் போகலாம். சில இடங்களில் கணவன் மனைவிக்குக் கூட்டுக் கணக்கு உண்டு. சில இடங்களில் ஒருவர் கார்டை இன்னொருவர் போட்டு ஆடுவதே விதிமீறல். கார்டு கொடுக்கும் பிளேயர்ஸ் கிளப் கவுன்டரில் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்டபடி செய்யுங்கள். தெரியாமல் செய்துவிட்டுப் பாயின்ட்டைப் பறிகொடுக்க வேண்டாம்.

இருவருமே நன்றாக ஆடுகிறவர்கள் என்றால் தனித்தனிதான் லாபம். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சலுகை வரும். அவர் பெயரில் ஞாயிறு முதல் செவ்வாய் வரை, உங்கள் பெயரில் செவ்வாய் முதல் வியாழன் வரை என்று அடுத்தடுத்துப் பதிவு செய்தால் நாலு இரவு, இரண்டு உணவுக் கிரெடிட். கிரெடிட் பெரும்பாலும் ஒரு தங்கலுக்கு ஒன்று, ஒரு ஆளுக்கு ஒன்று இல்லை. அதனால்தான் இப்படிப் பிரிப்பது வேலை செய்கிறது. என்ன, செவ்வாய் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு இன்னொரு அறைக்கு மாற வேண்டியிருக்கும். அறை இலவசம் என்றாலும் ரிசார்ட் கட்டணம் (அறை வாடகைக்கு மேல் ஹோட்டல் கேட்கும் தொகை) தனியாகப் போடுகிறார்களா என்று பதிவு செய்யும்போதே பாருங்கள்.

எங்கள் வழக்கம்: ஆட்டம் முழுக்க அவர் கார்டில். என் பெயரிலும் ஒரு கார்டு இருக்கிறது, வெறுமனே. புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சில இடங்களில் சின்னச் சலுகை தருவார்கள், அதற்காக வாங்கியது.

ஒருவர் ஆடவே மாட்டார். அவரும் சாப்பிடலாமா?

தாராளமாக. நானே சாட்சி. ஜோடியாக வருகிறவர்களுக்கு ஹோஸ்ட் கொடுக்கும் காம்ப் பெரும்பாலும் இருவருக்குச் சேர்த்தே இருக்கும். பிட் பாஸிடம் கேட்கும்போது மட்டும் "இருவருக்கு" என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கென்று எழுதிவிடுவார். கார்டுக்கு உரியவர் அடையாள அட்டையோடு உடன் இருக்க வேண்டும், பில்லில் கையெழுத்தும் அவரே போட வேண்டும். "நீங்க ஆடிட்டு இருங்க, நான் போய்ச் சாப்பிட்டு வரேன்" என்பது நடக்காது.

எப்படிக் கேட்பது? கூச்சமாக இருக்கிறதே.

எங்கள் வீட்டிலும் அதே கதை. ஒரு தடவை இவர் இரண்டரை மணி நேரம் பிளாக்ஜாக் ஆடி முடித்து, காசுக்குப் பதிலாக மேஜையில் வைக்கும் சிப் வில்லைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சாப்பாடு கேளுங்களேன்."

"எனக்கு வெட்கமா இருக்கு. நீ கேளு."

"ஆடினது நீங்க. நான் கேட்டா என்னைப் பார்த்துச் சிரிப்பார்."

கடைசியில் இவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைக்கு ஆடியதற்கு எங்கள் இருவருக்கும் சாப்பாட்டுக்கு ஏதாவது வழியுண்டா என்று கேட்டார். மேற்பார்வையாளர் கார்டு எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், காபி ஷாப்பில் இருவருக்கு என்று போட்டுக் கொடுத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு நாளைக்கு இருபது பேர் அவரிடம் இதைக் கேட்கிறார்கள். நமக்குத்தான் அது பெரிய விஷயம்.

சில நுணுக்கம். மேஜையில் உட்காரும்போதே கார்டைப் பணத்தோடு சேர்த்து நீட்டுங்கள், அப்போதுதான் உங்கள் சராசரிப் பந்தயத்தைக் குறிப்பார்கள். இரண்டு மணி நேரமாவது ஆகாமல் கேட்காதீர்கள். எழுந்து போவதற்குச் சற்று முன் கேளுங்கள். பஃபே வேண்டும், ஸ்டேக் வேண்டும் என்று பெயர் சொல்லாமல் "சாப்பாடு" என்று கேட்டால் முடிந்ததைக் கொடுப்பார். முடியாது என்றால் "எவ்வளவு நேரம் ஆடினால் கிடைக்கும்?" என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதற்காகத் திரும்ப உட்காராதீர்கள்.

ஸ்லாட் ஆடினால் கேட்க வேண்டிய இடம் பிளேயர்ஸ் கிளப் கவுன்டர், அல்லது ஹோஸ்ட்.

எந்த உணவகத்தில் பயன்படுத்தினால் லாபம்?

முதலில் ஒன்று: கசினோ கட்டடத்துக்குள் இருக்கிற எல்லா உணவகமும் கசினோவுடையது இல்லை. பல இடங்கள் வாடகைக்கு விட்டவை. அங்கே பாயின்ட்டும் செல்லாது, கிரெடிட்டும் செல்லாமல் போகலாம். உட்காருவதற்கு முன்பே கேளுங்கள்.

பஃபே என்றதும் எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடியதில் பல பஃபேக்கள் திறக்கவே இல்லை. இப்போது மிஞ்சியவற்றில் சீசர்ஸ் பேலஸின் பக்கனால், காஸ்மோபாலிட்டனின் விக்கட் ஸ்பூன், வின் ஹோட்டலின் பஃபே ஆகியவை பெயர் பெற்றவை. விலையும் பெயருக்கேற்றபடி. இருவருக்கு 100 டாலர் கிரெடிட் வைத்துக்கொண்டு வார இறுதி டின்னருக்குப் போனால் கையிலிருந்தும் நல்ல தொகை போகும்.

என் கட்சி காபி ஷாப். கிரெடிட்டை இரண்டு காலைச் சாப்பாடாகப் பிரித்துவிடுவேன். ஆம்லெட், பான்கேக், காபி திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள், பத்தரைக்குச் சாப்பிட்டால் மதியம் பசிக்காது. ஆடம்பர ஸ்டேக் ஹவுஸில் கிரெடிட்டைக் கழித்த பிறகும் 90 டாலர் எடுத்துவைக்கும்போது அது காம்ப் மாதிரியா இருக்கிறது? தள்ளுபடிக் கூப்பன்தான்.

ஸ்ட்ரிப்பை விட்டு வெளியே வந்தால் கதை வேறு. சவுத் பாயின்ட் மாதிரி, ஸ்டேஷன் கசினோஸ், பாய்ட் குழுமங்களின் கசினோக்கள் மாதிரி உள்ளூர்க்காரர்கள் போகிற இடங்களில் மெனு விலையே குறைவு. அதே 20 டாலர் காம்ப் அங்கே இருவர் வயிற்றை நிரப்பும், ஸ்ட்ரிப்பில் ஒரு காக்டெயிலுக்கே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். உணவுக் கிரெடிட் அறையைக் காலி செய்யும்போது தீர்ந்துவிடும், மிச்சத்தைக் காசாகத் தரமாட்டார்கள். கார்டிலுள்ள பாயின்ட் பல இடங்களில் ஆறு மாதம் எட்டிப்பார்க்காவிட்டால் காலாவதி.

சைவம். எங்களுக்கு என்ன கிடைக்கும்?

பிழைத்துக்கொள்ளலாம். வின், என்கோர் ஹோட்டல்களின் உணவகங்களில் 2010-லிருந்தே சைவ உணவும், பால்கூடச் சேராத வீகன் உணவும் மெனுவிலேயே உண்டு. எங்கள் அனுபவத்தில் ஸ்ட்ரிப்பில் சைவக்காரர்கள் கவலையில்லாமல் உட்காரக்கூடிய இடம் அதுதான்.

பஃபேயில் கண்ணுக்குச் சைவமாகத் தெரிவது எல்லாம் சைவமில்லை. மெக்சிகன் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், மிசோ சூப்பில் மீன் சாறு இருக்கும், பச்சை பீன்ஸில் பேக்கன் துண்டு ஒளிந்திருக்கும். பரிமாறுகிற பையனிடம் கேட்பதைவிட, சமையல்காரரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள், வந்து கூடவே நடந்து காட்டுவார்கள். என் மாமியாருக்காக அப்படி ஒருமுறை கேட்டதில், மெனுவில் இல்லாத பாஸ்தா ஒன்றைத் தனியாகவே செய்து கொடுத்தார்கள். அவர் பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாக்கெட்டை எடுத்துப் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒன்றை யோசியுங்கள். பஃபேயின் விலை நண்டுக்காலிலும் மாட்டிறைச்சியிலும் இருக்கிறது. சாலட்டும் கேக்கும் மட்டும் சாப்பிடுகிறவர் அதில் காம்பைக் கரைப்பது நஷ்டம்.

டிப்ஸ் கொடுக்க வேண்டுமா? வரி?

டிப்ஸ் கட்டாயம் கொடுங்கள். பெரும்பாலான காம்பில் அது சேராது. காம்ப் கழிக்கும் முன் உள்ள முழு பில்லுக்கு 18 முதல் 20 சதவீதம், முடிந்தால் ரொக்கமாக. பில் பூஜ்யம் என்று வந்ததும் எழுந்து போய்விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிமாறிய பெண்ணுக்கு அந்த மேஜையில் ஒரு மணி நேரம் வீண். மதுவும் சில காம்பில் சேராது.

லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுன்டியில் விற்பனை வரி 8.375 சதவீதம். கிரெடிட் அதையும் சேர்த்துக் கழிகிறதா என்று பார்த்து ஆர்டர் செய்யுங்கள். இலவசச் சாப்பாட்டு வரிக்காக ஒரு வழக்கே நடந்திருக்கிறது. நெவாடாவின் ஸ்பார்க்ஸ் ஊரிலுள்ள நகெட் கசினோ தொடுத்தது. வாடிக்கையாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் இலவசமாகப் போட்ட சாப்பாட்டுக்குப் பயன்பாட்டு வரி கட்டத் தேவையில்லை என்று 2008-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

குழந்தையோடு, ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரோடு போனால்?

21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடும் இடத்தைக் கடந்து போகலாம், நிற்கக் கூடாது. உணவகத்தில் உட்காரத் தடையில்லை. ஒருவர் ஆட, மற்றவர் குழந்தையோடு அறையிலோ நீச்சல் குளத்திலோ இருந்து, சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்துகொள்வதுதான் வழி. பெற்றோருக்குத் தனிக் கார்டு வேண்டுமென்றால் பாஸ்போர்ட் போதும். ஆனால் இரண்டு பேருக்கு எழுதிய காம்பில் நாலு பேர் உட்கார்ந்தால் மீதி இருவருக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கோவா, சிங்கப்பூரில் இந்தக் கணக்கு செல்லுமா?

கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல் கசினோக்களில் நுழைவுச் சீட்டிலேயே பஃபேயும் பானமும் சேர்ந்திருப்பதுதான் வழக்கம். பாயின்ட், ஹோஸ்ட் என்று அலைய வேண்டாம். சீட்டு வாங்கியாயிற்று, சாப்பிடலாம். சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டாலர் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், வெளிநாட்டவர் பாஸ்போர்ட் காட்டி இலவசமாகப் போகலாம். உள்ளூரில் இருக்கிற அக்கா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு ஓசியில் சாப்பிடலாம் என்று நினைத்தால் வாசலிலேயே பணம் போய்விடும்.

"இன்னும் கொஞ்சம் ஆடினால் டின்னர் வந்துவிடும்" என்று ஒருவர் எழ மறுக்கிறார். என்ன செய்வது?

எங்கள் ஏற்பாட்டைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஆடும் பணத்தை ஒரு உறையில் போடுவோம், சாப்பாட்டுப் பணத்தை இன்னொன்றில். இரண்டாவது உறை என்னிடம். காம்ப் கிடைத்தால் அந்த உறை அப்படியே வீடு திரும்பும், கிடைக்காவிட்டால் அதில் சாப்பிடுவோம். முதல் உறை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. காம்ப் வரவில்லை என்றால் பட்டினி இல்லை என்று தெரிந்தாலே அவர் எழுந்துவிடுகிறார்.

உறை போட்டும் நிற்கவில்லை, ஏடிஎம்மைத் தேடிப் போகிறார், கேட்டால் கோபம் வருகிறது என்றால் அது சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் சூதாட்டப் பழக்கத்துக்கான உதவி எண் 1-800-426-2537. குடும்பத்தினரும் கூப்பிடலாம். சலுகைத் தபால் அனுப்ப வேண்டாம் என்று கசினோவிடம் சொன்னால் நிறுத்துவார்கள், தன்னை உள்ளே விட வேண்டாம் என்று அவரே எழுதிக்கொடுக்கவும் வழி இருக்கிறது.

மிச்சமானதைக் கட்டிக்கொண்டு போகலாமா?

பஃபேயில் கூடாது. கைப்பையில் குக்கீ வைத்துக்கொண்டு வருகிற அத்தைமார்களை நானும் பார்த்திருக்கிறேன், நான் எதுவும் சொல்லவில்லை. மேஜைக்கு வந்து பரிமாறுகிற உணவகத்தில் தயங்காமல் டப்பா கேளுங்கள். காம்ப் சாப்பாடாக இருந்தாலும் கொடுப்பார்கள். கிரெடிட்டில் 15 டாலர் மிஞ்சியிருந்தால் கடைசி நாள் காலையில் இரண்டு சாண்ட்விச் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்வேன். கிங்மேன் தாண்டியதும் இவருக்குச் சரியாகப் பசிக்கும்.